மேல்மாடி வாங்கினாலும் அடிமரம் சொந்தம்!

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் வீடு வாங்குவோர் கதை

வீடு வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

கூடம் பெரிதா என்று பார்ப்பார்கள். காற்று வருமா என்று பார்ப்பார்கள். தண்ணீர் வசதி எப்படி, அக்கம் பக்கத்தார் எப்படி என்று விசாரிப்பார்கள்.

ஐரோப்பாவில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீடு வாங்குகிறவர்களும் இவற்றைப் பார்ப்பது உண்டு. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி வேறு.

"இந்த வீட்டின் மரம் எப்படி இருக்கிறது?"

கதவு மரம் அல்ல. ஜன்னல் மரமும் அல்ல. வீட்டுக்கு அடியில், பூமிக்குள், தண்ணீரில் மூழ்கி நிற்கும் மரம்!

அந்த ஊர் ஆம்ஸ்டர்டாம். நெதர்லாந்து நாட்டின் தலைநகரம்.

பிறைநிலா போல் கால்வாய்கள்

ஆம்ஸ்டர்டாம் நகரின் நடுவே, பிறைநிலா வளைந்ததுபோல, ஒன்றை அடுத்து ஒன்றாகக் கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றில் மூன்று மிகவும் பெயர் பெற்றவை. ஹெரன்கிராக்ட் என்பது கனவான்கள் கால்வாய். கெய்சர்ஸ்கிராக்ட் என்பது சக்கரவர்த்தி கால்வாய். பிரின்சன்கிராக்ட் என்பது இளவரசர் கால்வாய்.

இவற்றை வெட்டும் வேலை 1613-ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது ஆம்ஸ்டர்டாம் உலகத்தின் பெரிய வியாபார நகரங்களில் ஒன்று. கப்பல் கப்பலாகச் சரக்குகள் வந்து இறங்கின. பணம் குவிந்த வியாபாரிகள், இந்தக் கால்வாய்க் கரைகளில் மனை வாங்கி மாளிகை கட்டினார்கள். 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கால்வாய் வட்டாரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த வீடுகள் ஒரு தினுசானவை. முகப்பு அகலம் குறைவு. உள்ளே நீளம் அதிகம். உயரமும் அதிகம். ஔட ஹோக்ஸ்ட்ராட் என்ற தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அதன் அகலம் 2 மீட்டர் 2 சென்டிமீட்டர்! கையை இரு பக்கமும் நீட்டினால் வீடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

மாடிப்படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. அந்தப் படியில் கட்டிலும் பீரோவும் எப்படி ஏறும்? ஏறாது! அதனால் வீட்டு உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கொக்கி. கொக்கியில் கப்பி மாட்டி, கயிறு கட்டி, சாமான்களை மேலே இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார்கள். இழுக்கும்போது சாமான் சுவரில் இடிக்காமல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக வீட்டு முகப்பையே சிறிது முன்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள்.

பூமிக்குள் ஒரு காடு

ஆம்ஸ்டர்டாம் இருக்கும் இடம் சேற்று நிலம். மேலே களிமண்ணும், மக்கிய செடிகொடிகளால் ஆன பொதபொத மண்ணும்தான். கெட்டியான மணல் வேண்டும் என்றால் சுமார் 12 மீட்டர் ஆழம் போக வேண்டும்.

அந்தக் காலத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? நீளமான மரங்களைத் தலைகீழாக நிறுத்தி, மணல் தட்டுப்படும்வரை பூமிக்குள் அடித்து இறக்கினார்கள். இயந்திரம் இல்லாத காலம். பெரிய கட்டையைக் கயிறு கட்டிப் பலர் சேர்ந்து தூக்கி, மரத்தின் தலையில் 'தொம்' என்று போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதற்காகப் பாட்டுப் பாடுவார்கள். நம் ஊரில் வலை இழுக்கும் மீனவர்கள் பாடுவது போலத்தான்.

இப்படி அடித்த மரத்தூண்களின் தலையில் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் பலகைகள், பலகைகளின்மேல் செங்கல் சுவர். இதுதான் அஸ்திவாரம்!

டாம் சதுக்கத்தில் உள்ள அரண்மனை, 1648-ஆம் ஆண்டில் நகர மண்டபமாகக் கட்டத் தொடங்கப்பட்டது. அதற்கு அடியில் நிற்கும் மரத்தூண்கள் 13,659. இந்த எண்ணை மறக்காமல் இருக்க அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு 365 நாள். முன்னால் 1 போடு. பின்னால் 9 போடு. அவ்வளவுதான்!

தண்ணீர்தான் காவல்

மரம் தண்ணீரில் இருந்தால் அழுகிவிடாதா?

இங்கேதான் அதிசயம். முழுக்க முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மரத்தைக் காற்று தொடாது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக் காளானுக்குக் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் அது வளராது. அதனால் 300, 400 ஆண்டு ஆன மரங்கள்கூட இன்னும் பாரம் சுமக்கின்றன.

ஆனால் நிலத்தடி நீர் இறங்கி, மரத்தின் தலை வெளியே தெரிந்துவிட்டால் ஆபத்து. காற்றுப் பட்ட இடம் அழுகத் தொடங்கும். சாக்கடைக் குழாய் ஒன்றில் ஓட்டை விழுந்தால் போதும். சுற்றி உள்ள நீர் எல்லாம் அந்த ஓட்டை வழியாக வடிந்து, தெருவே காய்ந்துவிடும். தண்ணீருக்கு அடியிலும் சில வகைக் கிருமிகள் மரத்தை மெதுவாகத் தின்பது உண்டு.

இதனால்தான் நகரக் கால்வாய்களின் நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்துக் காக்கிறார்கள். நெதர்லாந்தில் உயரங்களை அளக்க 'ஆம்ஸ்டர்டாம் மட்டம்' என்று ஒன்று உண்டு. அதற்கு 40 சென்டிமீட்டர் கீழே கால்வாய் நீர் நிற்க வேண்டும் என்பது கணக்கு.

இடிக்கப் பார்த்த வீடுகள்

காலம் மாறியது. பணக்காரக் குடும்பங்கள் மாளிகைகளை விட்டு வெளியேறின. பல வீடுகள் ஆபீஸ்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. பல வீடுகள் பாழடைந்தன.

பிரின்சன்கிராக்ட் 263-ஆம் எண் வீடு உலகம் அறிந்தது. 1635-ஆம் ஆண்டில் கட்டிய வீடு. அதன் பின்கட்டில்தான், 1942-ஆம் ஆண்டு முதல் 1944-ஆம் ஆண்டு வரை, சிறுமி ஆன் பிராங்க் தன் குடும்பத்தாருடன் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தாள். அங்கேதான் தன் நாட்குறிப்பை எழுதினாள். 1950-களில் அந்த வீட்டையே இடிக்க ஏற்பாடு நடந்தது! மக்கள் தலையிட்டுக் காப்பாற்றினார்கள். 1960-ஆம் ஆண்டில் அது நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது.

1956-ஆம் ஆண்டில் 'ஸ்டாட்ஸ்ஹெர்ஸ்டெல்' என்ற நிறுவனம் தோன்றியது. 'நகரைச் சீர்படுத்துதல்' என்று அதற்குப் பொருள். விழப்போகும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, வாடகைக்கு விட்டது. வீடுகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

ஒரு குடும்பம் வாழ்ந்த மாளிகை, மாடிக்கு ஒரு குடித்தனமாகப் பிரிக்கப்பட்டது. ஒரே கட்டடத்தில் ஆளுக்கு ஒரு பிளாட் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று 1951-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. இன்று கால்வாய்க் கரையில் ஒரு சிறு பிளாட் வாங்கவும் பல லட்சம் யூரோ வேண்டும். (யூரோ என்பது அந்த நாட்டு நாணயம்.)

வாங்குவது எது?

மூன்றாவது மாடியில் ஒரு பிளாட். ஜன்னலைத் திறந்தால் கால்வாய். படகுகள் போகின்றன. மரங்கள் தண்ணீரில் நிழலாடுகின்றன. ஒரு கணவனும் மனைவியும் அதை வாங்க ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அவர்கள் வாங்குவது அந்த மூன்றாவது மாடியை மட்டுமா?

இல்லை! சட்டப்படி அவர்கள் வாங்குவது முழுக் கட்டடத்தில் ஒரு பங்கு. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உரிமை அந்தப் பங்கோடு சேர்ந்து வருகிறது. கூரையில் பங்கு உண்டு. மாடிப்படியில் பங்கு உண்டு. பூமிக்குள் இருக்கும் மரத்தூணிலும் பங்கு உண்டு!

கட்டடத்தில் பிளாட் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள். 'எனக்குச் சங்கம் வேண்டாம்' என்று ஒருவர் விலக முடியாது. பழுது பார்க்கும் செலவை அவரவர் பங்குப்படி ஏற்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு மாடி; நான்கு குடும்பம்; பங்கு எல்லோருக்கும் சமம். அஸ்திவாரத்தைப் புதுப்பிக்க 2 லட்சம் யூரோ செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், குடும்பத்துக்கு 50 ஆயிரம் யூரோ. 'நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். என் வீடு மண்ணைத் தொடவே இல்லையே!' என்று சொன்னால் செல்லாது. எல்லாச் சேமிப்பையும் போட்டு, பாங்கில் கடனும் வாங்கிப் பிளாட் வாங்கிய குடும்பத்துக்கு, அடுத்த ஆண்டே இப்படி ஒரு செலவு வந்தால் என்ன ஆகும்? கால்வாயைப் பார்க்கும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட வேண்டியதுதான்!

தூங்கும் சங்கம்

சட்டம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. சங்கம் சேமநிதி வைத்திருக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு முதல் அதற்கு ஒரு குறைந்த அளவும் உண்டு. பல ஆண்டுகளுக்கான பழுதுபார்ப்புத் திட்டம் போட்டு, அதன்படி பணம் சேர்க்கலாம். அல்லது, கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில், ஆண்டுதோறும் நூற்றுக்கு அரை வீதம் ஒதுக்க வேண்டும். திரும்பக் கட்ட 10 லட்சம் யூரோ ஆகும் என்றால், ஆண்டுக்கு 5,000 யூரோ.

ஆனால் சின்னக் கட்டடங்களில், மூன்று நான்கு குடும்பங்கள் மட்டும் உள்ள இடங்களில், சங்கம் பெயருக்குத்தான் இருக்கும். கூட்டம் கிடையாது. கணக்கு கிடையாது. பெட்டியில் பணமும் கிடையாது. இதை அந்த ஊரார் 'தூங்கும் சங்கம்' என்றே சொல்கிறார்கள். மாதச் சந்தா குறைவு என்று மகிழ்ந்து இப்படிப்பட்ட இடத்தில் வாங்குகிறவர், சங்கம் விழிக்கும் நாளில் அதிர்ச்சி அடைவார்.

இன்னும் ஒன்று. விற்றவர் வைத்துவிட்டுப் போன சந்தா பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பு. நடப்புக் கணக்காண்டு, அதற்கு முந்திய கணக்காண்டு ஆகிய இரண்டுக்கும் இது பொருந்தும். எனவே பாக்கி எவ்வளவு, சேமநிதி எவ்வளவு என்று சங்கம் எழுதித் தரும் தாளைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும்.

முன்சாய்வு அழகு, பக்கச் சாய்வு கவனம்!

கால்வாய்க் கரை வீடுகளில் நேராக நிற்பவை குறைவு. முன்பக்கம் சாய்ந்திருந்தால், அது பெரும்பாலும் வேண்டும் என்றே கட்டியது. இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்திருந்தால், அடியில் மரம் இறங்கி இருக்கலாம்.

ஆனாலும் சாய்வைக் கண்டதும் ஓட வேண்டியது இல்லை. 200 ஆண்டுக்கு முன்பு சாய்ந்து, அதோடு நின்றுவிட்ட வீடுகளும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்த வீடு இன்னும் நகர்கிறதா?"

அதற்கு அளவு இருக்கிறது. பல வீடுகளின் முகப்பில் சிறிய உலோக ஆணி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வைப்பார்கள். ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அதிலிருந்து தெரியும். சுவரில் புது விரிசல், மூடாத கதவு, தரையில் வைத்தால் தானாக உருளும் கோலிக்குண்டு ஆகியவையும் சாட்சி சொல்லும்.

சந்தேகம் வந்தால் அஸ்திவாரப் பரிசோதனை. சுவரை ஒட்டிக் குழி தோண்டி, தண்ணீரை இறைத்து, மரத்தின் தலையைக் கண்ணால் பார்ப்பார்கள். ஓர் ஊசியை அடித்து, மேல்பாகம் எவ்வளவு ஆழத்துக்கு இளகி இருக்கிறது என்று அளப்பார்கள். துண்டு வெட்டி ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அஸ்திவாரம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அறிக்கை வரும். இன்னும் 25 ஆண்டு தாங்கும் என்றால், வாங்குகிறவர் நிம்மதியாக மூச்சு விடலாம்.

பூமி அசைந்த நாட்கள்

இது வீண் பயம் அல்ல. 2008-ஆம் ஆண்டில் நகரத்தின் அடியில் புதிய ரயில் பாதைக்கு வேலை நடந்தது. வைசல்கிராக்ட் என்ற இடத்தில், தோண்டிய பள்ளத்தின் சுவரில் கசிவு ஏற்பட்டது. தண்ணீரோடு மணலும் போயிற்று. அருகில் இருந்த பழைய நெசவாளர் வீடுகள் உட்கார்ந்துவிட்டன. சில வீடுகள் 20 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கின. குடியிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. அந்த ரயில் பாதை 2018-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாயின் கரைச்சுவர் திடீரென்று சரிந்து தண்ணீரில் விழுந்தது. பழைய கரைச்சுவர்களும் மரத்தூண் மேல் நிற்பவைதாம். குதிரை வண்டிக்காகக் கட்டிய கரையில் லாரிகள் ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? நகரசபை இப்போது கரைச்சுவர்களையும் பாலங்களையும் வரிசையாகப் புதுப்பித்து வருகிறது. வீடு வாங்குகிறவர்கள், தம் வீட்டு வாசல் கரையில் எப்போது வேலை நடக்கும் என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பழைய வீட்டுக்குப் புதுக்கால்

மரம் கெட்டுவிட்டால் வீட்டை இடிக்க வேண்டுமா? வேண்டியது இல்லை. கீழ்வீட்டுத் தரையை உடைத்து எடுப்பார்கள். உள்ளேயே துண்டு துண்டாக இரும்புக் குழாய்களைப் பூமிக்குள் இறக்குவார்கள். அவற்றின்மேல் கான்கிரீட் தளம் போட்டு, சுவர்களில் செருகிவிடுவார்கள். மேஜைக்குக் கால் வைத்ததுபோல் கட்டடம் புதிய கால்களில் நிற்கும். கீழ்வீட்டார் சில மாதம் வேறு இடம் போக வேண்டி வரலாம். பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்றாக இருந்தால், அவர்களுடனும் பேச வேண்டும்.

ஏற்கெனவே புதுக்கால் வைத்த வீட்டுக்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலை நியாயமானது.

கை வைக்கும் முன் அனுமதி

ஆயிரக்கணக்கான வீடுகள் அரசாங்கத்தின் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் நினைத்தபடி கை வைக்க முடியாது. பழைய ஜன்னலை எடுத்துவிட்டு, குளிர் தாங்கும் இரட்டைக் கண்ணாடி போடலாமா? உள்ளே ஒரு சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கலாமா? நகரசபையின் அனுமதி வேண்டும். முந்திய சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கும், வாங்கியவர் பதில் சொல்ல நேரலாம்.

மனையையும் கவனிக்க வேண்டும். 1896-ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாம் நகரசபை தன் நிலத்தை விற்காமல் குத்தகைக்கே விட்டு வருகிறது. ஆனால் பழைய கால்வாய் வட்டாரத்தில் பெரும்பாலும் மனையும் சொந்தம். எது என்பதைப் பத்திரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று நாள் அவகாசம்

விலை பேசி, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதன் பிறகும் வாங்குகிறவருக்கு மட்டும் மூன்று நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காரணம் சொல்லாமலே 'வேண்டாம்' என்று விலகலாம். பிறகு வழக்கமாக நூற்றுக்கு 10 வீதம் முன்பணம், அல்லது பாங்கு ஜாமீன். கடைசியில் நோட்டரி முன்னிலையில் பத்திரம். நில ஆவண அலுவலகத்தில் பதிவானதும் வீடு சொந்தம். தாமே குடியிருக்க வாங்குகிறவர்களுக்கு வரி நூற்றுக்கு 2 வீதம்.

அந்த மூன்று நாளில் செய்ய வேண்டிய வேலை, ஜன்னலுக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுப்பது அல்ல! அஸ்திவார அறிக்கை, சங்கத்தின் கூட்டக் குறிப்பு, சேமநிதிக் கணக்கு ஆகிய மூன்றையும் மறுபடி ஒருமுறை படிப்பதுதான்.

விலை ஏறிக்கொண்டே போகுமா?

'பழைய வீடு, நகரத்தின் நடு இடம், விலை ஏறத்தானே செய்யும்?' என்று நினைக்கத் தோன்றும்.

பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற டச்சுப் பேராசிரியர், கனவான்கள் கால்வாய்க் கரை வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொதுவான விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், சுமார் 345 ஆண்டில் வீடுகளின் மதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது! நடுவில் நெப்போலியன் காலத்தில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அதன் பிறகு, நம் காலத்தில், விலை வேகமாக ஏறியது உண்மை. ஆனால் ஏறிய விலை இறங்கியதும் உண்டு.

எனவே லாபத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. வாழ்வதற்காக வாங்குகிறவர்களுக்குக் கால்வாய்க் கரை வீடு ஒரு பாக்கியம். வாங்கிய பின்பு சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். சந்தாவைக் காலத்தில் கட்ட வேண்டும். கீழ்வீட்டாரோடு மனஸ்தாபம் இல்லாமல் இருக்க வேண்டும்.

என்றாவது ஒரு நாள் அந்தப் பிளாட்டை விற்க நேரும். அப்போது வாங்க வருகிறவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்: "மரம் எப்படி இருக்கிறது?" அறிக்கையை எடுத்து அவர் கையில் கொடுக்க முடிந்தால், நல்ல விலை தானாக வந்து சேரும்.